‘யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்’, ‘சாதாரண தலைவலிதான்’: நோயின் முழுப் பெயரைக் கேட்பது ஏன் முக்கியம்?

ஊரிலிருந்து அப்பா போன் செய்கிறார். பேச்சோடு பேச்சாக ஒரு தகவல்: “போன வாரம் யூரின்ல லேசா ரத்தம் மாதிரி வந்துச்சு. வலி ஒண்ணும் இல்லப்பா. மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிப் போட்டேன், நின்னுடுச்சு.”

ஆபீஸ் அவசரத்தில் இருக்கும் நமக்கும் ‘நின்னுடுச்சு’ என்ற வார்த்தை போதுமானதாக இருக்கிறது. “தண்ணி நிறைய குடிங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

சிக்கலே அந்த ‘நின்னுடுச்சு’தான். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியே இல்லாமல் வரும் ரத்தம். அது ஒருநாள் வரும், தானாகவே நிற்கும், சில வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி வரும். ரத்தம் நின்றது மாத்திரையால்தான் என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இன்னொரு வீட்டில் வேறு கதை. இரண்டு மூன்று வாரமாகத் தலைவலி, விட்டு விட்டுக் காய்ச்சல். முதலில் சைனஸ் என்கிறார்கள், பிறகு மைக்ரேன், அதன்பின் காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருந்து தொடங்குகிறார்கள். உண்மையில் மூளையில் இருப்பது ஒரு பூஞ்சை.

ஒன்று புற்றுநோய், மற்றொன்று தொற்று. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு ஆராய்ச்சி இந்த இரண்டிலும் ஒரே விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்கிறது: எந்த உறுப்பில் நோய் என்று சொன்னால் மட்டும் போதாது, அது எந்த வகை என்று தெரிந்தால்தான் சரியான மருந்து. அந்த வகையைச் சொல்ல வேண்டிய லேபைத்தான் நாம் கடைசி இடத்தில் வைத்திருக்கிறோம்.

சிறுநீர்ப்பைப் புற்று: பெயர் ஒன்று, நோய் பல

2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அந்த ஒரே ஆண்டில் சுமார் 6 லட்சத்து 14 ஆயிரம் பேருக்குப் புதிதாகச் சிறுநீர்ப்பைப் புற்று கண்டறியப்பட்டது. சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறந்தனர். பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம்.

காரணங்களில் முதலிடம் புகையிலைக்கு. ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்கு அதுதான் காரணம். ‘சிகரெட் நுரையீரலைத்தானே கெடுக்கும்?’ என்று கேட்கலாம். புகையின் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, சிறுநீரோடு மணிக்கணக்கில் பையில் தேங்கி நிற்கின்றன. பையின் உள்சுவர் அந்த ரசாயனத்திலேயே ஊறிக் கிடக்கிறது. சாய ஆலை வேலைக்கும் இந்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பை, ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரென் என்ற அறுவை மருத்துவர் 1895-இலேயே பதிவு செய்துவிட்டார்.

இந்த நோயில் டாக்டர்கள் முதலில் கேட்கும் கேள்வி, புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. சிறுநீர்ப்பையின் உள்பக்கம் மெல்லிய படலம், அதற்கு வெளியே தசைச் சுவர். நான்கில் மூன்று பேருக்கு நோய் தசையைத் தொடாத நிலையிலேயே கண்டறியப்படுகிறது. அவர்களுக்குக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பையைக் காப்பாற்றிக்கொண்டே சிகிச்சை தரலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே அகற்றுவது, அல்லது கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சை என்று பேச்சே மாறிவிடும்.

தசையைத் தொடாத, ஆனால் அபாயம் அதிகமுள்ள வகைக்கு ஒரு சுவாரஸ்யமான மருந்து உண்டு. குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிறோமே, அதே பி.சி.ஜி. காசநோய்த் தடுப்புக்கென்று சென்னை கிண்டியில் 1948 முதல் தயாரிக்கப்பட்ட அந்தத் தடுப்பு மருந்தின் கிருமியை, கனடாவைச் சேர்ந்த ஆல்வரோ மொராலஸ் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்து 1976-இல் முடிவை வெளியிட்டார். கிருமியைக் கண்டு திரண்டு வரும் நோய் எதிர்ப்புப் படை, கூடவே புற்றுச் செல்களையும் தாக்குகிறது. இன்றும் அந்த வகைக்கு இதுதான் முதல் மருந்து.

செல்லுக்குள் எட்டிப் பார்த்தபோது

ஆழம் மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. ஒரே ஆழம், ஒரே வயது, ஒரே மருந்து. ஒருவர் பத்தாண்டு நன்றாக இருக்கிறார், இன்னொருவருக்கு ஒரே ஆண்டில் நோய் பரவிவிடுகிறது. ஏன்?

இதற்கு விடை தேடி, அமெரிக்காவின் ‘புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம்’ தசைக்குள் இறங்கிய கட்டிகளை எடுத்து ஆராய்ந்தது. 2014-இல் 131 கட்டிகளின் முடிவும், 2017-இல் 412 கட்டிகளின் முடிவும் வெளிவந்தன. அதன்பின் ஒவ்வொரு ஆய்வுக் குழுவும் தனக்கென ஒரு வகைப்பாடு வைத்துக்கொள்ள, குழப்பமே மிஞ்சியது. கடைசியில் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து 1,750 கட்டிகளின் தரவுகளை அலசி, 2020-இல் ஆறு வகைகள் என்று ஒரு பொதுப் பட்டியலுக்கு வந்தார்கள்.

ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எளிதாக இப்படிப் புரிந்துகொள்ளலாம். சிறுநீர்ப்பையின் உள்படலம் செங்கல் அடுக்கு மாதிரி. மேல் அடுக்குச் செல்களின் குணத்தோடு இருப்பவை ‘லூமினல்’ வகைகள். அடி அடுக்கின் குணத்தோடு இருப்பவை ‘பேசல்’ வகை. நரம்புச் செல்களின் சாயல் கொண்ட ஓர் அபூர்வ வகையும் உண்டு, அது 3 சதவீதம்தான்.

இந்தப் பிரிவினை வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. அந்த ஆய்வில், லூமினல் பாப்பில்லரி என்ற வகையில் பாதிப் பேர் சுமார் 4 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தார்கள். பேசல் வகையிலும் நரம்புச் சாயல் வகையிலும் அதே கணக்கு ஓராண்டை ஒட்டித்தான் நின்றது. ரிப்போர்ட்டின் தலைப்பில் எல்லோருக்கும் எழுதியிருந்தது ஒரே பெயர்தான்.

சரி, இதனால் நோயாளிக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. மூன்று பதில்கள் இருக்கின்றன.

முதலாவது, மைக்ராஸ்கோப்பில் தெரியும் வகைகள். ‘ஸ்மால் செல்’ வகை என்று நோயியல் டாக்டர் எழுதினால், முதலில் கத்தியைத் தொடாமல் அதற்குரிய கீமோவில் தொடங்குவதே வழக்கம். மைக்ரோபாப்பில்லரி, பிளாஸ்மசைட்டாய்டு போன்ற வகைகள் மூர்க்கமானவை. அங்கே காத்திருந்து பார்ப்பது ஆபத்து. இதற்கு மரபணுச் சோதனைகூட வேண்டாம். அனுபவமுள்ள கண்ணும் நல்ல மைக்ராஸ்கோப்பும் போதும்.

இரண்டாவது, மரபணு மாற்றம். நோய் பரவிய நிலையில் உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அதைக் குறிவைக்கும் எர்டாஃபிட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2019 ஏப்ரலில் அனுமதி தந்தது. இந்த நோய்க்கு வந்த முதல் ‘குறிபார்த்து அடிக்கும்’ மருந்து அது. மாற்றம் இருப்பவருக்குத்தான் கொடுக்கலாம். சோதனை செய்யாவிட்டால், மருந்து இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மூன்றாவது பதில் கொஞ்சம் நேர்மையாகச் சொல்ல வேண்டியது. ஆறு வகைப் பட்டியலை வைத்து ‘இந்த வகைக்கு இந்த மருந்து’ என்று முடிவெடுக்கும் நிலை பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இன்னும் வரவில்லை. அண்மைக் காலத்தின் மிகப்பெரிய முன்னேற்றமே வகை பார்க்காமல் வந்ததுதான். என்ஃபோர்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, பரவிய நோயில் சராசரி ஆயுள் 16.1 மாதத்திலிருந்து 31.5 மாதமாக உயர்ந்தது. 2024-இல் முழுமையாக வெளியான அந்த ஆய்வு, உலகம் முழுக்கச் சிகிச்சை முறையை மாற்றியது.

‘அப்போ வகைப்பாடே வேண்டாமா?’ அப்படியல்ல. எல்லோருக்கும் கொடுக்கலாம் என்பதால் எல்லோருக்கும் பலிக்கும் என்றாகிவிடாது. யாருக்குப் பலிக்கவில்லை, அவருக்கு அடுத்து என்ன என்ற கேள்வி வரும்போது செல்லின் குணம்தான் வழிகாட்ட வேண்டும்.

மூளைக்குள் பூஞ்சை எப்படிப் போகிறது?

பூஞ்சை என்றால் ரொட்டியிலும் ஊறுகாயிலும் படர்வது, மிஞ்சிப் போனால் காலிடுக்கில் அரிப்பு. இப்படித்தான் நமக்குப் பழக்கம். மூளைக்குள் அது போவது அரிது. போனால், சாதாரணத் தலைவலியாகவே தொடங்கும்.

முக்கியமான வழிகள் மூன்று. காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்து நுரையீரலுக்குள் போய், அங்கிருந்து ரத்தம் வழியாக மூளையை அடைவது. மூக்கிலும் சைனஸிலும் படிந்து, கண்குழியை அரித்துக்கொண்டு மேலே ஏறுவது. ஊசி, அறுவை சிகிச்சை போன்றவற்றில் நேரும் மாசு வழியாக நேரடியாக நுழைவது.

முதல் வழிக்கு உதாரணம் கிரிப்டோகாக்கஸ். புறா எச்சத்திலும் மண்ணிலும் வாழும் ஈஸ்ட் வகை. எச்.ஐ.வி. முற்றியவர்களையும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களையும், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களையும் அதிகம் தாக்கும். வாரக்கணக்கில் மெதுவாக வளரும் தலைவலி, காய்ச்சல், குழப்பம். காசநோய் மூளைக்காய்ச்சலும் இதேபோலத்தான் வரும்.

இங்கேதான் பெயர் உயிரைத் தீர்மானிக்கிறது. காசநோய் மூளைக்காய்ச்சலில் காசநோய் மருந்தோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தால் மரணம் குறைகிறது என்று வியட்நாமில் நடந்த ஆய்வு 2004-இல் காட்டியது. அதே ஸ்டீராய்டை எச்.ஐ.வி. உள்ளவர்களின் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் கொடுத்துப் பார்த்தார்கள். தீங்கு அதிகம் என்று தெரிந்ததும் ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் முடிவு 2016-இல் வெளியானது. அறிகுறி ஒன்றுபோல, மருந்தும் ஒன்று. ஒருவரைக் காப்பாற்றுகிறது, இன்னொருவரைச் சாய்க்கிறது.

நல்ல செய்தி: இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு எளிய பட்டைச் சோதனை இருக்கிறது. கர்ப்பப் பரிசோதனைக் கிட் போன்ற ஒரு பட்டை, ஒரு சொட்டு ரத்தம் அல்லது தண்டுவட நீர், சுமார் பத்து நிமிடம். சிகிச்சையும் எளிதாகியிருக்கிறது. ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்த ‘ஆம்பிஷன்’ ஆய்வில், லைப்போசோமல் ஆம்போடெரிசினை ஒரே ஒரு முறை அதிக அளவில் செலுத்தி, கூடவே மாத்திரைகள் கொடுத்தார்கள். பழைய முறைக்கு அது சளைக்கவில்லை, பக்க விளைவும் குறைவு. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதையே பரிந்துரைத்தது.

நாம் தப்பாகப் பெயர் வைத்த ‘கருப்புப் பூஞ்சை’

2021 மே மாதத்தை யாரும் மறந்திருக்க முடியாது. கொரோனா இரண்டாம் அலையின் நடுவே ‘கருப்புப் பூஞ்சை’ வந்து சேர்ந்தது. ஆம்போடெரிசின் ஊசிக்காக வாட்ஸ்அப் குரூப்களிலும் ட்விட்டரிலும் குடும்பங்கள் கெஞ்சின. அந்த ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கில் 45,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள், 4,300-க்கும் மேற்பட்ட மரணங்கள்.

அதன் சரியான பெயர் மியூக்கர்மைகோசிஸ். அந்தப் பூஞ்சை கருப்பே இல்லை. ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுவதால், ரத்தம் கிடைக்காத சதை செத்துக் கருகுகிறது. அந்தக் கருமையைப் பார்த்துத்தான் பூஞ்சைக்கே பெயர் வைத்துவிட்டோம். கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் அதற்குக் கதவைத் திறந்துவிட்டன.

உண்மையிலேயே கருப்பான பூஞ்சைகள் தனியாக இருக்கின்றன. செல் சுவரில் மெலனின் நிறமி கொண்டவை. அவற்றில் கிளாடோஃபியாலோஃபோரா பான்டியானா என்பது மூளையைத் தேடிப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்கும். உலகில் பதிவான நோயாளிகளில் பெரும்பங்கு இந்தியாவில்தான். 2004-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்த மாதிரிக் கரும்பூஞ்சைகளால் மூளை பாதிக்கப்பட்ட 101 பேரின் விவரங்களை அலசியது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு எதிர்ப்புச் சக்திக் குறைபாடு எதுவும் தெரியவில்லை. 70 சதவீதத்துக்கும் மேல் இறந்துவிட்டார்கள். ஸ்கேனில் இந்தச் சீழ்க்கட்டி, காசநோய்க் கட்டி போலவோ புற்றுக் கட்டி போலவோ தெரியும். படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

மருந்திலும் அதே கதை. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு முதல் மருந்தான வோரிகோனசோல், மியூக்கரிடம் பலிக்காது. கேண்டிடாவுக்குக் கொடுக்கும் எக்கினோகாண்டின் மருந்துகள் கிரிப்டோகாக்கஸை ஒன்றும் செய்யாது. ‘பூஞ்சைத் தொற்று’ என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருந்து தேடுவது, தெருப் பெயர் இல்லாத முகவரியோடு வீடு தேடுகிற மாதிரி.

ஒரே ஒரு லேப் ரிப்போர்ட் செய்தது என்ன?

2012 செப்டம்பர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல். ஆன்டிபயாடிக் எதற்கும் மசியவில்லை. அவருடைய தண்டுவட நீரில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்திருப்பதாக லேப் சொன்னது. எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவருக்கு இது எப்படி வந்தது? டாக்டர் ஏப்ரல் பெட்டிட் விசாரித்தார். சில வாரங்களுக்கு முன் முதுகுவலிக்குத் தண்டுவடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. செப்டம்பர் 18-ஆம் தேதி மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார்.

எட்டே நாளில், செப்டம்பர் 26-இல், மாசடைந்த அந்த ஊசி மருந்து திரும்பப் பெறப்பட்டது. மாசசூசெட்ஸில் ஒரு மருந்துக் கலவை நிலையத்தில் தயாரான அந்த ஸ்டீராய்டை அதற்குள் ஏறக்குறைய 14,000 பேருக்குப் போட்டிருந்தார்கள். 20 மாநிலங்களில் 753 பேருக்குத் தொற்று, 64 மரணம். பெரும்பாலானோரின் உடலில் இருந்தது எக்ஸெரோஹிலம், புல்லிலும் பயிரிலும் வாழும் ஒரு பூஞ்சை.

அந்த முதல் நோயாளிக்கு, ‘ஏதோ வைரஸ் மூளைக்காய்ச்சல்’ என்று எழுதி முடித்திருந்தால்? தண்டுவட நீரைப் பூஞ்சை கல்ச்சருக்கே அனுப்பாமல் விட்டிருந்தால்? எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. இங்கே பலரைக் காப்பாற்றியது, ஒரு சாதாரணச் சோதனையும், அதன் விடையை அலட்சியம் செய்யாத ஒரு டாக்டரும்.

இரண்டு பாட்டில் விஷயம்

ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த சதைத் துண்டை வழக்கமாக ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்புவார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்க அது சரி. ஆனால் ஃபார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடும். செத்த பூஞ்சை லேபில் வளராது. வளராவிட்டால் எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று உறுதியாகச் சொல்வது மிகவும் கடினமாகிவிடும். ஒரு துண்டை ஃபார்மலினிலும், இன்னொரு துண்டை சலைனிலும் போட்டால் போதும். கூடுதல் செலவு ஒரு பாட்டில்.

சிறுநீர்ப்பையிலும் இதற்கு இணையான ஒரு சின்ன விஷயம் உண்டு. சுரண்டி எடுத்த மாதிரியில் தசையும் இருக்க வேண்டும். தசையே இல்லாத துண்டை வைத்துக்கொண்டு ‘புற்று தசைக்குள் போகவில்லை’ என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்போது சில வாரங்களில் மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஒரு வரியை ரிப்போர்ட்டில் படிக்காமல் விட்டால், பையைக் காப்பாற்றக்கூடிய காலம் கைநழுவிப் போகலாம்.

கோடிக்கணக்கில் செலவாகும் ஆராய்ச்சி ஒரு பக்கம். அதன் பலன் நோயாளியை வந்தடைவதும் அடையாததும் இந்த மாதிரி ஒரு பாட்டிலில், ஒரு வரியில் முடிவாகிறது.

யார் என்ன செய்ய வேண்டும்?

புதிய ஆஸ்பத்திரி திறந்தால் படுக்கை எத்தனை, ஐ.சி.யூ. எத்தனை, ஸ்கேன் மெஷின் எந்த மாடல் என்று கேட்கிறோம். பூஞ்சை வளர்க்கத் தெரிந்த டெக்னீஷியன் எத்தனை பேர், நோயியல் டாக்டர் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதல்முறையாக ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டபோது சொன்னதும் இதைத்தான்: சோதனை வசதியும் கண்காணிப்பும் போதவில்லை.

சண்டிகரில் நோய்ப் பூஞ்சைகளுக்கென்றே தேசியச் சேமிப்பு மையம் இருக்கிறது. அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. அது மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை இறங்கி வர வேண்டும். கிரிப்டோகாக்கஸ் பட்டைச் சோதனையும், பூஞ்சைக் கல்ச்சரும் அங்கேயே கிடைக்க வேண்டும். ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் பணம் தருகிற காப்பீடு, அந்த மருந்து சரியானதா என்று சொல்லும் சோதனைக்கும் தர வேண்டும். தப்பான மருந்துக்கு மூன்று மாதம் செலவழிப்பதைவிட, சரியான சோதனைக்கு ஒருமுறை செலவழிப்பது அரசுக்கும் மலிவு.

நம் பங்கும் இருக்கிறது.

வலி இல்லாமல் சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு முறை வந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும், அது நின்றுவிட்டாலும்கூட. 40 வயதைத் தாண்டியவர்களும் புகைப்பழக்கம் உள்ளவர்களும் தள்ளிப்போடவே கூடாது. பெண்களுக்கு இதைத் திரும்பத் திரும்ப யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றே மாத்திரை கொடுப்பதால், அவர்களுக்கு நோய் தெரிவது தாமதமாகிறது. “கல்ச்சரில் கிருமி வந்ததா? வரவில்லை என்றால் ரத்தம் எங்கிருந்து வந்தது?” என்று கேளுங்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்தால், “எந்த வகை? மாதிரியில் தசை இருந்ததா?” என்று கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் விடாத தலைவலியும் காய்ச்சலும் இருந்தால், சர்க்கரை நோயாளிக்கு முகத்தின் ஒரு பக்கம் வலி, வீக்கம், மூக்கில் கருஞ்சளி, பார்வை இரட்டையாகத் தெரிவது என்று ஏதாவது வந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே, “பூஞ்சைக்கும் டெஸ்ட் அனுப்பினீர்களா டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்பாவுக்கு இன்று மாலை ஒரு போன் போடுங்கள். ‘நின்னுடுச்சு’ என்று அவர் சொல்லி முடித்த இடத்திலிருந்து நீங்கள் கேட்கத் தொடங்குங்கள்.